ஆணை வந்தது, நாற்காலி வந்ததா?



உட்காருவதற்கென்று ஒரு சட்டம் வந்திருக்கிறது, தெரியுமா? 2021 செப்டம்பரில் நமது சட்டமன்றத்தில் முன்மொழியப்பட்டு, நிறைவேறி, அரசிதழில் ஏறி, சட்டம் சுகமாக அமர்ந்துவிட்டது. எவளுக்காக அது பிறந்ததோ, அவள் இன்னும் பல இடங்களில் நின்றுகொண்டிருக்கிறாள்!

துணிக்கடைக்குப் போங்கள். புடவையைப் பிரிக்கிறாள், விரிக்கிறாள், "வேறே காட்டும்மா" என்கிறார் வந்தவர், மடிக்கிறாள், மறுபடி பிரிக்கிறாள். வந்தவர் மெத்தையில் அமர்ந்திருக்கிறார். வந்தவரோடு வந்தவரும் அமர்ந்திருக்கிறார். பணப்பெட்டிக்குப் பின்னால் முதலாளி அமர்ந்திருக்கிறார். அவருக்கு மேலே, மாலை சூட்டிய படத்தில், அவருடைய தகப்பனாரும் அமர்ந்திருக்கிறார்! நிற்பவள் அவள் ஒருத்திதான். ஆள் இல்லாத நேரத்திலும் நிற்கிறாள். காலில் நரம்பு சுருண்டு புடைத்துக்கொண்டாலும் நிற்கிறாள்.

1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் சேர்த்த அந்தத் திருத்தம் கேட்பது பெரிதா? வேலை செய்பவர் அனைவருக்கும் தக்க இருக்கை வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமரவேண்டும், வேலை நேரம் முழுவதும் காலிலேயே நிற்கும் நிலை கூடாது. இவ்வளவுதான் கேட்கிறது. "நாற்காலிக்கு ஒரு சட்டமா!" என்று சிலர் நகைத்தார்கள். நகைத்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்துகொண்டேதான் நகைத்தார்கள்.

இந்தச் சட்டத்தின் வேரைத் தேடினால் அது கோட்டையில் இல்லை, கோழிக்கோட்டில் இருக்கிறது. அங்கே மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி. அந்தக் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. என்ன செய்தார்கள்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்! தாகத்தை அடக்கிப் பிழைப்பு நடத்தினார்கள். விஜி என்ற தையல் தொழிலாளி 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பைக் கட்டினார். முதலில் கழிப்பறைக்குப் போராடினார்கள், பிறகு நாற்காலிக்குப் போராடினார்கள். 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. மூன்றாண்டு கழித்து நாமும் செய்தோம். நல்லது, பாராட்டுவோம்.

பாராட்டிவிட்டு, கடைக்குள் எட்டிப் பார்ப்போம். சில கடைகளில் நாற்காலியே இல்லை. சில கடைகளில் ஸ்டூல் ஒன்று இருக்கிறது, ஆனால் அதன்மேல் துணிக்கட்டு உட்கார்ந்திருக்கிறது. சட்டம் ஸ்டூலுக்குத்தான் வந்ததுபோலும்! அவள் உட்கார்ந்துதான் பார்க்கட்டுமே. மேற்பார்வையாளர் புருவத்தை உயர்த்துவார். அதைத் தாங்கலாம். "அவ பெரிய மகாராணி, உட்கார்ந்துட்டா" என்று பக்கத்திலே நிற்கும் இன்னொரு தொழிலாளி சொல்கிறாரே, அதைத் தாங்க முடிகிறதா?

முதலாளியை மட்டும் சாடிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். மேடையில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் இன்று நான் பேச வந்தது அந்தப் பக்கத்துத் தொழிலாளியைப் பற்றி. அதாவது நம்மைப் பற்றி.

பம்பாய் பஞ்சாலைகளின் கதை தெரியுமா? நூற்கும் பகுதி ஒன்று, நெய்யும் பகுதி ஒன்று. நெசவுப் பகுதியில் கூலி அதிகம். அந்தப் பகுதிக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைய முடியாது. ஏன்? தறியின் நாடாவில் தார் தீர்ந்துபோனால் வேறு தார் போட்டு, நூலின் நுனியை நாடாவின் துளை வழியாக வெளியே கொண்டுவரவேண்டும். அதை வாயால் உறிஞ்சி இழுப்பார்கள். ஒருவர் எச்சில் பட்ட நூலில் இன்னொருவர் வாய் வைக்க நேரிடும். தீண்டப்படாதவன் எச்சிலா, தீட்டாயிற்றே! ஆகவே கதவு சாத்தப்பட்டது. சாத்தியது யார்? முதலாளிக்கு வேண்டியது துணி, வேண்டியது லாபம். எச்சிலுக்குச் சாதி பார்த்தது, நாள் முழுதும் தறியடியில் வியர்வை சிந்திய உழைப்பாளி!

1928-ல் பம்பாயில் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர், ஆறு மாதம். அந்த நேரத்தில் அண்ணல் அம்பேத்கர் போராட்டக் குழுவிடம் ஒன்று கேட்டார்: உங்கள் கோரிக்கைப் பட்டியலில், நெசவுப் பகுதியைத் தாழ்த்தப்பட்டோருக்கும் திறந்துவிடவேண்டும் என்பதையும் சேருங்கள். நியாயமான கேள்விதானே? சங்கத் தலைவர்கள் தயங்கினார்கள். மென்று விழுங்கினார்கள். மனமில்லாமல்தான் இசைந்தார்கள். ஆலை முதலாளிகள் தரப்போ, இது அநீதி என்றால் இந்த அநீதிக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கையைக் கழுவிக்கொண்டது. எண்ணிப் பாருங்கள் தோழர்களே, முதலாளி தன்னைக் குற்றமற்றவனாகக் காட்டிக்கொள்ள ஒரு வாய்ப்பைத் தொழிலாளியே தட்டில் வைத்துக் கொடுத்தான்.

பத்தாண்டு கழித்து, 1938-ல், மன்மாடில் கூடிய ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் பேசினார். உழைக்கும் மக்களுக்குப் பகைவர் இருவர், ஒன்று பார்ப்பனீயம், மற்றது முதலாளித்துவம் என்றார். இது பலருக்குத் தெரியும். அதே பேச்சில் அவர் சொன்ன இன்னொன்று பலருக்குத் தெரியாது. தாழ்த்தப்பட்டவர் தண்டவாளத்தில் கேங்மேனாகவே காலம் கழிக்கவேண்டும், போர்ட்டராகக்கூட ஆக முடியாது. காரணம்? போர்ட்டர் என்பவன் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் பார்க்கவேண்டும். அந்த வீட்டுக்குள் இவன் கால் வைக்கலாமா? எந்த விதிப் புத்தகத்திலும் எழுதாத விதி! எழுதாத விதியைக் கிழிக்க எந்தச் சட்டமன்றத்தாலும் முடியாது. எழுதியிருந்தால்தானே கிழிக்க!

பம்பாய்தானே என்று சென்னை பெருமூச்சு விடவேண்டாம். இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று நாம் மார்தட்டும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் பிறந்தது. மூன்றே ஆண்டு. 1921-ல் பின்னி ஆலைகளில் வேலைநிறுத்தம். ஆதித்திராவிடத் தொழிலாளர் ஒரு பக்கம், மற்றவர் இன்னொரு பக்கம் என்று பிளவு. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிளவுக்குக் காரணம் யார் என்று அன்று தொடங்கிய வாதம் இன்றும் ஏடுகளில் ஓயவில்லை. நான் அதற்குள் போகவில்லை. ஒரே ஆலைச் சங்கு கேட்டு எழுந்தவர்கள், ஒரே வாசலில் நுழைந்தவர்கள், மாலையில் ஒருவர் சேரியில் இன்னொருவர் தீ வைக்கும் அளவுக்கு அந்நியராகவே இருந்திருக்கிறார்கள் என்பது மட்டும் என் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது.

அதே 1921-ல் இன்னொன்றும் நடந்தது. நீதிக்கட்சி ஆட்சியில் வகுப்புவாரி ஆணை பிறந்தது. எல்லா வகுப்பாருக்கும் அரசு வேலையில் இடம் வேண்டும் என்றது ஆணை. சொன்னதும் நடந்ததா? இல்லை! பல ஆண்டு ஆணை பெட்டிக்குள் தூங்கியது. முத்தையா முதலியார் அமைச்சராக வந்து, அதற்குக் கணக்குப் போட்டார். 12 இடம் காலியானால், 5 இடம் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு, 2 பார்ப்பனருக்கு, 2 முஸ்லிம்களுக்கு, 2 கிறித்தவர், ஆங்கிலோ இந்தியருக்கு, 1 தாழ்த்தப்பட்டோருக்கு. தாழ்த்தப்பட்டோருக்கு அந்த ஒன்று போதாது என்பது வேறு. நான் காட்ட வந்தது இதை: "அனைவருக்கும் இடம்" என்று பொதுவாகச் சொன்னபோது யாருக்கும் இடமில்லை. இந்த நாற்காலி இன்னாருக்கு என்று விரல் நீட்டிச் சொன்ன பிறகுதான் குமாஸ்தா உட்கார்ந்தார்.

அப்படி உட்கார்ந்தவர்களைக் கண்ட ஊர் என்ன செய்தது பாருங்கள். வகுப்புவாரி ஆணை செல்லாது என்று 1950-ல் சென்னை உயர்நீதிமன்றமும் 1951-ல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தன. தெரு கொதித்தது. பெரியார் முழங்கினார், மாணவர் திரண்டனர், அதே 1951-ல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது, 15-ஆம் பிரிவில் புதிய உட்பிரிவு ஏறியது. ஆணையின் பயனை வீட்டில் கண்டிருந்த மக்கள் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

கடல் கடந்த ஒரு நாட்டையும் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் 1965-ல் குடியரசுத் தலைவர் ஜான்சன் ஓர் ஆணை பிறப்பித்தார். அரசாங்க ஒப்பந்தம் பெறும் நிறுவனம், இனம், நிறம் பார்த்து வேலை மறுக்கக்கூடாது, ஒதுக்கப்பட்டோருக்கு வாய்ப்பளிக்க முயற்சியும் எடுக்கவேண்டும் என்றது அது. ஏறத்தாழ அறுபது ஆண்டு வாழ்ந்த அந்த ஆணையை 2025 ஜனவரி 21-ல் டிரம்ப் ஒரே கையெழுத்தில் ரத்து செய்தார். 'பன்மை, சமநீதி, அரவணைப்பு' என்று வாசலில் வண்ணப் பலகை மாட்டியிருந்த பெரிய கம்பெனிகள் சில, அந்தப் பலகையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டன. மாட்டியவன் கழற்றினான், அதில் வியப்பென்ன! நம் ஊரிலும் அந்த மூன்று சொற்களையும் கண்ணாடி மாளிகைகளில் மாட்டியிருக்கிறார்கள். மார்ச் 8 வந்தால் பெண்களுக்கு ஆளுக்கொரு ரோஜாப் பூவும் கொடுக்கிறார்கள். பூவை வாங்கிக்கொண்ட பெண், குழந்தைக் காப்பகம் எங்கே என்று கேட்டால் முகம் கோணுகிறது.

வேலை கொடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவருக்கு ஒரு செய்தி. 2017-ல் கொச்சி மெட்ரோ ரயில் நிறுவனம் திருநங்கையர், திருநம்பியர் 23 பேருக்கு வேலை கொடுத்தது. நாடே மெச்சியது, வெளிநாட்டு ஏடுகளும் எழுதின. சில நாட்களுக்குள்ளேயே 8 பேர் விலகிவிட்டார்கள். வேலை பிடிக்கவில்லையா? சம்பளம் கொடுக்கவில்லையா? தங்குவதற்கு வீடு கிடைக்கவில்லை! வாடகைக்கு விட ஆளில்லை. விடுதிக்குக் கொடுத்தால் சம்பளமே போய்விடும். வேலை ஆணையில் நிறுவனம் கையெழுத்திட்டது, ஊர் கையெழுத்திடவில்லை. மெட்ரோவில் உடன் வேலை பார்ப்பவர் நூற்றுக்கணக்கில் இருந்திருப்பார்களே, அவர்கள் தெருவிலும் ஒரு வீடு காலியாக இருந்திருக்காதா?

இப்போது நம் பட்டறைக்கு வருவோம்.

துப்புரவு செய்யும் அம்மா இருக்கிறாரே, அவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம்? ஐம்பத்தைந்து வயதுக்காரர். மேனேஜரின் இருபத்தைந்து வயது மகனை "சார்" என்கிறோம், இவரை "ஏய்" என்கிறோம். அவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மாடிப்படிக்கு அடியில், விளக்குமாறுகளுக்கு நடுவில். "அவங்களே தனியாப் போயிட்டாங்க" என்பார் நம் தோழர். பம்பாய்த் தறிக்காரரும் இப்படித்தான் சொல்லியிருப்பார். ஒப்பந்தக்காரர் ஆள் என்பதால் அவர் நம் சங்க உறுப்பினரும் அல்ல. நமக்குப் போனஸ் உயரும்போது அவருக்கு இனிப்புப் பொட்டலம். அதையும் கையில் படாமல் போடுகிறவர் இருக்கிறார்.

பெண் தோழர்கள் சங்கக் கூட்டத்துக்கு வருவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். கூட்டம் எத்தனை மணிக்கு? இரவு எட்டுக்கு! உலை வைப்பது யார், பிள்ளையைப் படுக்கவைப்பது யார்? கால் இழந்த தோழர் வருவதில்லை. சங்க அலுவலகம் எங்கே? மாடியில்! 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வேலையில் 4 விழுக்காடு கொடுக்கிறது. 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அவர்கள் வேலை செய்யத் தக்க வசதி செய்து கொடு என்கிறது. நம் அலுவலகப் படிக்கட்டு அந்தச் சட்டத்தைப் படிக்கவில்லை.

1992-ல் ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற ஏழைப் பெண், குழந்தைத் திருமணத்தைத் தடுத்தார். அது அவருடைய வேலை. அந்த வேலையைச் செய்ததற்காக அவரைச் சீரழித்தார்கள். அந்தக் கொடுமையிலிருந்து எழுந்த வழக்கில்தான் 1997-ல் உச்சநீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது, 2013-ல் சட்டமாயிற்று. பத்துப் பேர், அதற்கு மேல் வேலை பார்க்கும் இடமெங்கும் புகார்க் குழு வேண்டும், தலைமை பெண்ணிடம் வேண்டும், உறுப்பினரில் பாதியாவது பெண்கள் வேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும். உங்கள் ஆலைக் குழுவில் யார் யார் என்று சொல்லுங்கள் பார்ப்போம். பலகையில் ஒட்டியிருக்கிறதா? ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கும்! ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தால், "நம்ம சங்கத்து ஆள்மேலேயே கொடுத்துட்டாளே" என்று முதலில் முணுமுணுப்பது எந்த மேஜை? மனம் தொட்டுச் சொல்லுங்கள்.

"இதையெல்லாம் பார்த்தால் தகுதி போய்விடும்" என்று ஒரு குரல் எழும். அந்தக் குரல் நமக்குப் பழக்கமானது. நாடாவில் நூலை உறிஞ்ச என்ன தகுதி வேண்டும்? உதடு வேண்டும்! நெசவு கற்கவேண்டுமானால் நெசவுக் கொட்டகைக்குள் போகவேண்டும். கொட்டகையைப் பூட்டிவிட்டு, இவனுக்கு நெய்யத் தெரியவில்லை என்பது வாதமா, வஞ்சகமா?

கடைசியாக ஒன்று. இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கசக்கும். கசக்கட்டும்.

திருப்பூரில், கோவையில், அம்பத்தூரில், திருப்பெரும்புதூரில் இன்று ஒடியா பேசும் தோழனும் பீகார்த் தோழனும் நமக்குப் பக்கத்து எந்திரத்தில் நிற்கிறான். அவனை என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்? "பாய்" என்பதில் தொடங்கி, "வடக்கன்" என்பதில் முடிகிறது. அவன் பெயர் நமக்குத் தெரியாது. ஒரே தகரக் கொட்டகையில் பத்துப் பேர் படுத்தெழும் அவன்தான் நம் கூலியைக் குறைத்தானாம்! குறைத்தது அவனா, அவனைக் குறைந்த கூலிக்குக் கொண்டுவந்தவனா? 1966-ல் சிவசேனா தோன்றி, பம்பாயில் தென்னாட்டார்மீது பாய்ந்ததே, அன்று உதைபட்டவன் யார்? நம் அண்ணன். தாராவித் தோல் பட்டறையில் கஞ்சி குடித்தவன், உடுப்பி ஓட்டலில் தட்டுக் கழுவியவன். அவன்மீதும் இதே குற்றச்சாட்டுத்தான்: எங்கள் வேலையைப் பறிக்க வந்தான்.

2023 மார்ச்சில், இங்கே பீகார்த் தொழிலாளரைக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள், பொய் என்று தெளிந்தது. சரி, நாம் வென்றோம். ஆனால் அந்தப் பொய்க்கு அஞ்சி மூட்டை கட்டியவன் இருந்தானே, அவனுக்குப் பக்கத்தில் வேலை பார்த்த நம் ஆள், "பயப்படாதே, நான் இருக்கிறேன்" என்று சைகையிலாவது சொல்லியிருந்தால், பொய்க்கு அத்தனை கால் முளைத்திருக்குமா?

"அப்படியானால் ஆலையில் இந்திப் பலகை வைக்கச் சொல்கிறாயா?" என்று பாய்ந்து வருவீர்கள், தெரியும். கேளுங்கள். நாம் எதிர்த்தது திணிப்பை, 1938-லும் 1965-லும் எதிர்த்தது திணிப்பை. உனக்குப் புரியாத மொழியை உன்மீது சுமத்துவதுதான் திணிப்பு. "கையை விடாதே, அபாயம்" என்ற எழுத்து ஒரு தொழிலாளிக்குப் புரியாமல் போய், அவன் விரல் பிரஸ்ஸில் நசுங்கினால், அங்கேயும் புரியாத மொழி ஒருவன்மீது சுமத்தப்பட்டிருக்கிறது. 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், குடிதண்ணீர்ப் பானைக்கு மேலே 'குடிதண்ணீர்' என்று எழுதுவதைக்கூடத் தொழிலாளரில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியில் எழுதச் சொன்னது. தண்ணீருக்கே அப்படியென்றால், விரலை வெட்டும் எந்திரத்துக்கு? மேலே பெரிதாகத் தமிழ் இருக்கட்டும், கீழே ஒடியாவும் இருக்கட்டும். அவனுக்கு நம் தமிழைக் கற்றுக்கொடுப்போம். ஆறு மாதத்தில் சங்கக் கூட்டத்தில் பேசுவான். அதுவரை விரல் இருக்கவேண்டுமே!

ஆகவே தோழர்களே, இந்த மாதக் கிளைக் கூட்டத்தை மாலை ஐந்தரைக்கு, ஷிப்டு விட்டவுடன், கீழ்த்தளத்தில் வையுங்கள். துப்புரவு அம்மாவை அழையுங்கள், ஒடியாத் தோழரை அவருக்கு மொழிபெயர்க்கக்கூடிய ஒருவரோடு அழையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் வழக்கமான கண்டனத் தீர்மானங்களுக்கு முன்னால் நான்கு கேள்விகளை எழுதுங்கள். நிற்கும் வேலைக்காரர் எத்தனை பேர், அவர்களுக்கு நாற்காலி எத்தனை? பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? புகார்க் குழுவின் பெயர்கள் தமிழில் ஒட்டப்பட்டிருக்கின்றனவா? ஓவர்டைம் இந்த மாதம் யார் யாருக்குப் போயிற்று, மேஸ்திரியின் உறவினர் எத்தனை பேர், மற்றவர் எத்தனை பேர்? ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, எண்ணிப் பார்த்து வரப் போகும் தோழரின் பெயரையும் தேதியையும் போடுங்கள். கூட்டம் முடிந்து தேநீர் வரும்போது, எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.